யாருடைய தூண்டுதலும் இல்லாமல்

2006ல, வெயில் ஏற ஆரம்பிச்ச மாசம். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல ஒரு மீனவர் குடியிருப்பு, தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகை, உள்ள நுழைஞ்சா நெல்லு அவிக்கிற அண்டாகிட்ட நிக்கிற மாதிரி அனல். பாய் விரிச்சு ஒரு இருபது பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, நடுவுல ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர், அதுல ஐரோப்பாலேந்து வந்த ஒரு அம்மா. காசு குடுத்த அமைப்போட ஆளு. நல்லவங்கதான், கொண்டு வந்த தண்ணி பாட்டிலக்கூட முதல்ல பக்கத்துல இருந்த கொழந்தைக்குக் குடுத்துட்டுதான் குடிச்சாங்க. அவங்களுக்குப் பக்கத்துல தரையில நான். 25 வயசு, எம்.ஏ. இங்கிலீஷ், ஒரு தொண்டு நிறுவனத்துல மொழிபெயர்ப்பு வேலை, மாசம் 4500 ரூபா.

அந்தம்மா நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. உங்க வீட்டுல முடிவு எடுக்கறது யாரு?

நான் தமிழ்ல சொன்னேன். முன்வரிசைல இருந்த ஒரு அக்கா, நாகை துறைமுகத்துல மீன் ஏலம் எடுத்து கூடைல தூக்கிட்டுப் போயி விக்கிறவங்க, டக்குனு என்னப் பாத்து, "ஏன், அவுங்க ஊட்டுல யாரு எடுக்குறாங்களாம்? நாலு மணிக்கு எந்திரிச்சு ஏலத்துக்குப் போறது நானு, காசு எண்ணுறது நானு, வட்டிக்காரன்கிட்ட ஏச்சு வாங்கறது நானு, ஆனா ஊர்ப் பஞ்சாயத்துல நெவாரணம் குடுத்தா ஆம்பள கையிலதான் குடுப்பாங்க, அத கேக்கச் சொல்லு இந்தம்மாவ, எங்கிட்ட என்ன கேக்குது"ன்னாங்க. மொத்தக் கொட்டகையும் சிரிச்சுது. சேர்ல இருந்த அம்மாவும் ஒண்ணும் புரியாம கூடவே சிரிச்சாங்க. வாசல்ல பஞ்சாயத்தார் ரெண்டு பேரு துண்டு போட்டுக்கிட்டு நின்னாங்க, எங்க ஒருங்கிணைப்பாளர் சார் என்னையே முறைச்சுப் பாத்தாரு.

நான் இங்கிலீஷ்ல சொன்னது ஒரே வரி. ரெண்டு பேரும் சேந்து முடிவெடுக்கறாங்களாம்.

அந்தம்மா சந்தோஷமா எழுதிக்கிட்டாங்க. அது எந்த ரிப்போர்ட்டுக்குள்ள போய் உக்காந்துச்சோ, யாரு படிச்சாங்களோ. இருபது வருஷம் ஆகப் போவுது, இன்னும் உறுத்துது.

இத இப்ப எழுதக் காரணம், போன மாசம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தில பக்கத்து எலைல இருந்த ஒருத்தர் ஆரம்பிச்சாரு. அமெரிக்காக்காரன் வெளிநாடுகளுக்கு உதவிப் பணம் குடுத்துக்கிட்டிருந்த அவனோட யுஎஸ்எயிட் கடைய 2025ல மூடிட்டான், இனிமே பெண்ணுரிமை பெண்ணுரிமைன்னு இங்க வந்து கத்துற கூட்டம் அடங்கிடும், எல்லாம் வெளிநாட்டுக் காசுல ஆடுன ஆட்டம்னாரு. சுத்தி இருந்த நாலு பேரு தலையாட்டுனாங்க. எனக்கு ரசம் எறங்கல. அவரு சொன்னது மொத்தமா பொய்யுனா பரவால்ல, சண்டை போட்டுட்டு எந்திரிச்சிடலாம். அதுல பாதி உண்மைங்கறதுதான் தொல்லை.

உண்மைப் பாதிய முதல்ல சொல்லிடறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்பறம் நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல செத்துக் கெடந்த நேரத்துல, எங்கெங்கேந்தோ அமைப்புங்க வந்து எறங்குச்சு. ஈசிஆர் ரோட்டுல போர்டுக்குப் பஞ்சமில்ல. கக்கூஸ் கட்டுனாலும் போர்டு, தையல் மிஷின் குடுத்தாலும் போர்டு. புருசன் செத்த ஒரு பொண்ண ஒரே வாரத்துல மூணு அமைப்பு போட்டோ எடுத்துச்சு, மூணாவது தடவை அவளே "பொட்டு வைக்காம வரணுமா, வச்சிட்டு வரணுமா"ன்னு கேட்டா. நான் அந்தக் கேள்விய மொழிபெயர்க்கல, எனக்கு வாய் வரல. ஜெண்டர் ட்ரெய்னிங்னு மாசம் ரெண்டு நடக்கும், அக்காங்க அத "சென்டர் மீட்டிங்"ன்னே சொல்லுவாங்க, நாங்களும் திருத்தல, அதுல பிரிஞ்சி சாதம் போடுவாங்கங்கறது மட்டும் எல்லாருக்கும் தெளிவாத் தெரியும். மூணு வருஷம் ஆனதும் ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு ஜீப்பு கெளம்பிடுச்சு. ஆரம்பிச்சு வச்ச பஞ்சாயத்தெல்லாம் பாதில நின்னுச்சு, அதுக்கப்பறம் அடி வாங்குனது யாரு? தைரியமா எந்திரிச்சுப் பேசுன பொண்ணுங்கதான்.

உலக அளவுலயும் இதே லட்சணம்தான். 2001ல ஆப்கானிஸ்தான்ல குண்டு போட ஆரம்பிச்ச அடுத்த மாசமே அமெரிக்க ஜனாதிபதியோட சம்சாரம் ரேடியோல வந்து, இந்த யுத்தம் பொம்பளைங்க உரிமைக்காகவுந்தான்னு பேசுனாங்க. 2021ல கெளம்பிப் போனப்ப அந்தப் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்கு வெளிய நின்னாங்க. பெண்களுக்கு எதிரான பாகுபாட்ட ஒழிக்கிற ஐநா ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, சீடான்னு சொல்லுவாங்க, 1979ல வந்தது. அமெரிக்கா 1980ல கையெழுத்துப் போட்டுச்சு, இன்னிக்கு வரைக்கும் அத முறையா ஏத்துக்கல. ஸ்விட்சர்லாந்துல பொம்பளைங்க நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டுப் போட்டதே 1971லதான். நம்ம மெட்ராஸ் மாகாணத்துல 1921லயே குடுத்தாச்சு, என்ன, சொத்து இருக்கறவங்களுக்கு மட்டும். (இந்த "சொத்து இருக்கறவங்களுக்கு மட்டும்"ங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க.) அதனால வெள்ளக்காரம்மா சேர்ல உக்காந்து கேள்வி கேட்டா "ஒங்க ஊட்டுல எப்புடி"ன்னு அந்த அக்கா திருப்பிக் கேட்டது நூத்துக்கு நூறு நியாயம்.

ஆனா நம்ம ஊர்க்காரங்க "வெளிநாட்டு சரக்கு" வேணாம்னு சொல்றத பாத்தா எனக்கு சிரிப்பு வரும். தஞ்சாவூர் ஜில்லாவுக்கு 1960லயே அமெரிக்காவோட ஃபோர்டு ஃபவுண்டேஷன் ஆதரவுல பேக்கேஜ் புரோகிராம் வந்துச்சு, உரம், விதை, கடன், ஆலோசனை எல்லாம் ஒரே மூட்டையா. அப்ப ஆடுதுறைலேந்து வந்த ஏடிடி 27 நெல்லுல ஜப்பான் ரகத்தோட கலப்பு. எங்க தாத்தா குறுவைக்கு அதத்தான் போட்டாரு. ஜப்பான் நெல்லால நம்ம பண்பாடு கெட்டுடும்னு ஒரு மிராசுதாரும் அழுததா கேள்விப்பட்டதில்ல. இப்ப நடவு மெஷின் ஜப்பான், கைல இருக்கற போன் கொரியா, எங்க சித்தப்பா வீட்டு மாடில போட்ட டைல்ஸ் சிங்கப்பூர் காசு. நடவு நட்டு வயித்தக் கழுவுன பொம்பளைங்களுக்கு அந்த மெஷினால வேலை போச்சே, அப்பக்கூட அந்நிய ஊடுருவல்னு யாரும் சொல்லல.

பொம்பளை விஷயத்துலயேகூட எல்லாத்துக்கும் கோவம் வர்றதில்ல. மகளிர் சுய உதவிக் குழு எடுத்துக்கோங்க. எங்க தெருவுல மட்டும் நாலு குழு. "குழுவுக்குப் போயிட்டு வரேன்"ன்னு சொன்னா எந்த மாமியாரும் ஏன்னு கேக்கறதில்ல. இது தமிழ்நாட்டுல 1989ல தருமபுரி ஜில்லால ஆரம்பிச்சது, ரோம்ல தலைமையகம் இருக்கற ஐஃபாட்ங்கற ஐநா நிதியத்தோட உதவில. ரோம்லேந்து வந்தது! எங்க குழு ஊக்குநர் அக்காகிட்ட இத ஒரு நாள் சொன்னேன், "ரோமாவது ராமேஸ்வரமாவது, தவணை தேதி அஞ்சு, அத மறக்காத"ன்னுட்டாங்க. வந்த லோன்ல பாதிப் பேரு வீட்டுல புருசன் பைக் வாங்குனான். பைக்கா வந்து நிக்கிற வரைக்கும் பெண் முன்னேற்றம் யாருக்கும் வெளிநாட்டுச் சரக்கா தெரியல.

அதே 1989ல இன்னொண்ணும் நடந்துச்சு. மார்ச் 25லேந்து, அதுவரைக்கும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பூர்வீகச் சொத்துல ஆம்பளைப் புள்ளைக்கு சமமா பங்குன்னு தமிழ்நாடு சட்டத் திருத்தம். மத்திய அரசு இத செய்ய 2005 ஆச்சு. இது எந்த நாட்டுக்காரனும் சொல்லி வந்ததில்ல, 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுலயே போட்ட தீர்மானம், சுத்தமான உள்ளூர்ச் சரக்கு. எங்க தெருவுல அந்தப் பங்க வாங்குன பொண்ணு எத்தனை பேருன்னு விரல் விட்டு எண்ணுனேன். ஒரு கைலயே விரல் மிச்சம்.

இங்கதான் என் கதை.

அப்பா 2011ல போனாரு. திருவாரூர் பக்கம் எங்களுக்கு 12 மா நெலம், ஆத்துப் பாசனம், ஒரு போர் இருக்கு. அண்ணன், நான், தங்கச்சி. அப்பா இருந்தவரைக்கும் நான் அந்தத் தொண்டு நிறுவனத்துல வேலை பாத்தது அவருக்குப் பெருமைதான், பொண்ணு வெள்ளக்காரங்ககூட கார்ல போறான்னு டீக்கடைல சொல்லுவாரு. வருஷக் காரியம் முடிஞ்சதும் சித்தப்பா கூப்ட்டாரு. ரெண்டு பேரும் வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடுங்கம்மா, அண்ணன் பேருக்கு மாத்தணும். விடுதலைப் பத்திரம், அதாவது எங்க பங்க விட்டுக் குடுத்துட்டோம்னு எழுதறது.

நான் சண்டைக்கெல்லாம் போகல. சாப்பிட்டுக் கை கழுவுறப்ப, கொல்லைப்பக்கம், மெதுவாத்தான் சொன்னேன்: "சித்தப்பா, என் பேர்ல ஒரு ரெண்டு மா மட்டும் இருக்கட்டுமே, சாகுபடிய அண்ணனே பண்ணட்டும்."

அவரு என் மூஞ்சப் பாக்கல, அம்மாவப் பாத்து சொன்னாரு. "இது நம்ம புள்ள பேசுற பேச்சில்ல அண்ணி. என்ஜிஓக்காரன் தூண்டி விட்ருக்கான். வெள்ளக்காரன் சோறு உள்ள போனா அவன் புத்தியும் சேந்து போவும்." அத்தை அந்தப் பக்கத்துலேந்து, "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, பொறந்த வீட்டு வாசல் வேணுமா வேணாமான்னு அவளையே கேளுங்க"ன்னாங்க. அம்மா முந்தானையால பாத்திரத்தத் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க, அந்தப் பாத்திரம் ஏற்கனவே காஞ்சுதான் இருந்துச்சு.

அப்பறம் ரிஜிஸ்டர் ஆபீஸ். வேப்பமரம், ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுறவர் கண்ணாடிய மூக்கு நுனில வச்சுக்கிட்டு மளமளன்னு படிச்சாரு. தெய்வீகம் ஆன தகப்பனார், நான்கெல்லை விபரம், சகல பாத்தியங்களையும், எல்லாம் வந்துச்சு. கடைசில: "யாதொரு நிர்ப்பந்தமும், எவருடைய தூண்டுதலும் இன்றி, என் முழு மனச் சம்மதத்துடன் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்."

எவருடைய தூண்டுதலும் இன்றி. என் பக்கத்துல சித்தப்பா நிக்கிறாரு, அத்தை பெஞ்சுல உக்காந்திருக்காங்க, அண்ணன் தலை குனிஞ்சு செருப்பப் பாத்துக்கிட்டிருக்கான். பங்கு கேட்டப்ப என்னத் தூண்டிவிட ஒரு வெள்ளக்காரன் வேண்டியிருந்துச்சு. விட்டுக் குடுக்கறப்ப நான் சொந்த புத்தில செய்யறேன்னு அரசாங்க முத்திரைத் தாள்லயே அச்சாகி வருது. நான் கையெழுத்துப் போட்டேன், கட்டைவிரல மிஷின்ல வச்சேன். வேலைல எத்தனை நாள் "ரைட்ஸ்"ன்னு வந்தத "உரிமை"ன்னு மாத்திச் சொல்லியிருப்பேன்!

உரிமைங்கற சொல்லப் பத்தி ஒண்ணு சொல்லணும். கொட்டகை கூட்டத்துல அந்தச் சொல்ல நான் சொல்றப்பல்லாம் அக்காங்க முகத்துல ஒண்ணும் ஓடாது. நம்ம பேச்சுல உரிமைன்னா நெருக்கம், "உரிமையா வந்து சோறு போட்டுச் சாப்புட்டான்"னு சொல்லுவோம். கேட்டு வாங்கற உரிமை அவங்களுக்குத் தெரியல. ஒரு நாள் வாய் தவறி "பாத்தியதை"ன்னு சொன்னேன், புதுசா கட்டுற சுனாமி வீட்டுல உங்களுக்கும் பாத்தியதை உண்டு, பேரு புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் சேத்துதான் வரும்னு. அது கவர்மெண்ட் உத்தரவு, 2005ல போட்டது. பின்னாடி படுத்திருந்த பாட்டி எந்திரிச்சு உக்காந்துச்சு. "எழுத்துல வருமா?"ன்னு கேட்டுச்சு. ஒரு வருஷ மீட்டிங்குல யாரும் கேக்காத கேள்வி அது.

சித்தப்பாவ மட்டும் திட்டுறதும் சரியில்ல. இந்தியா 1993ல அந்த சீடா ஒப்பந்தத்த ஏத்துக்கிட்டப்ப கூடவே ஒரு அறிவிப்பு குடுத்துச்சு. எந்த சமூகத்தோட சொந்த விவகாரத்துலயும் அந்த சமூகமே முன்வந்து சம்மதிக்காம தலையிட மாட்டோம், அந்தக் கொள்கைக்கு உட்பட்டுத்தான் குடும்பம் கல்யாணம் சம்பந்தப்பட்ட பிரிவுங்கள நிறைவேத்துவோம்னு. படிச்சப்ப, சித்தப்பா டெல்லிக்குப் போயி கோட்டு போட்டுக்கிட்டுப் பேசுன மாதிரியே இருந்துச்சு. சமூகம் சம்மதிச்சா. சமூகம்னா யாரு, கொல்லைப்பக்கம் கை கழுவுறவளா? ஆனா அதே ஒப்பந்தத்த வச்சுத்தான் 1997ல உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்புல வேலை பாக்கற எடத்துல நடக்குற பாலியல் தொல்லைக்கு விதிமுறை போட்டுச்சு, 2013ல அது சட்டமாச்சு. இப்ப நான் கும்பகோணத்துல ஒரு காலேஜ்ல வேலை பாக்கறேன், அந்தப் புகார விசாரிக்கிற கமிட்டில நானும் ஒரு ஆளு. சுவத்துல ஒட்டியிருக்கற அந்த நோட்டீஸோட மூலம் நியூயார்க்ல இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பொண்ணுங்க புகார் எழுதிக்கிட்டு வருதுங்க, யாரும் பாஸ்போர்ட் கேக்கறதில்ல.

இது இன்னிக்கு நேத்திக்கு வந்த பேச்சும் இல்ல. 1927ல கேத்தரின் மேயோங்கற அமெரிக்கக்காரம்மா இங்க கொஞ்ச நாள் சுத்திட்டுப் போயி மதர் இந்தியான்னு ஒரு புத்தகம் போட்டுச்சு, இந்தியாக்காரன் சின்னப் பொண்ணுங்கள கட்டி சீரழிக்கிறான், இவனுக்கு சுயராஜ்யம் ஒரு கேடான்ற தொனில. நாடே கொதிச்சுது, காந்தி அத சாக்கடை இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டுன்னாரு. ரொம்ப சரி. அந்தம்மா எழுதுனது நம்ம பொண்ணுங்கள காப்பாத்த இல்ல, வெள்ளக்காரன் ஆட்சியக் காப்பாத்த. ஆனா கவனிங்க, அப்ப நம்ம பெண்கள் அமைப்புங்க ரெண்டையும் பேசுச்சு. இந்தம்மா யாரு எங்களப் பத்திச் சொல்லன்னும் கேட்டுச்சு, சரி நீங்க எப்ப சட்டம் கொண்டு வரப் போறீங்கன்னு நம்ம ஆம்பளைங்களையும் கேட்டுச்சு. 1929ல சாரதா சட்டம் வந்துச்சு, கல்யாணம் பண்ண பொண்ணுக்குக் கொறஞ்சது 14 வயசு ஆகணும்னு. 1930 ஏப்ரல்ல அமலுக்கு வர்றதுக்குள்ளன்னு நாடு பூரா அவசர அவசரமா பந்தல் போட்டாங்க. அந்நிய அரசாங்கம் எங்க சாஸ்திரத்துல கை வைக்காதேன்னு கத்துனவங்க, அதே அந்நிய அரசாங்கத்துல உத்தியோகம் பாத்து சம்பளமும் வாங்கிக்கிட்டுதான் இருந்தாங்க.

அதே காலத்துல மார்கரெட் கசின்ஸ்னு ஒரு ஐரிஷ்காரம்மா. 1917ல அடையாறுல இந்திய மாதர் சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தவங்க. இங்கயே இருந்தாங்க, 1932ல வெள்ளக்கார அரசாங்கத்த எதிர்த்து ஜெயிலுக்குப் போனாங்க, 1954ல இங்கயே செத்தாங்க. அவங்களையும் மேயோவையும் "வெளிநாட்டுக்காரி"ன்னு ஒரே சாக்குல போட முடியுமா? மூணு வருஷ ப்ராஜெக்ட் ஆளுங்களுக்கு இத யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, வெளிநாட்டு வாசனையே இல்லாத ஒருத்தவங்க சொன்னா கேட்டுருப்போமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். மாயவரத்துக்குப் பக்கத்து ஊரு, பொறந்தது 1883. தேவதாசி மரபுல வளந்து அந்த மரபையே ஒழிக்கணும்னு இதே காவிரிக்கரைல ஊர் ஊரா நடந்தவங்க. டாலர் இல்ல, ஜீப்பு இல்ல. அவங்கள மட்டும் ஆரத்தி எடுத்தா வரவேத்தாங்க? ஏச்சும் பேச்சும்தான். சட்டம் வர 1947 ஆச்சு. இன்னிக்கு காலேஜ் பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா வர்ற புதுமைப்பெண் திட்டம் அவங்க பேர்லதான். என் கிளாஸ்ல கேட்டேன், மூவலூர் இங்கேந்து ஒரு மணி நேரத்துல போற ஊருதான்டின்னேன், அறுபது பொண்ணுல ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஆக பந்தில பக்கத்துல இருந்தவரோட பிரச்சினை டாலர் இல்ல. டாலர் இல்லாம வந்தாலும் அவரு எலைய மூடிட்டு எந்திரிச்சிருப்பாரு.

அந்தத் தொண்டு நிறுவனம் எப்பவோ மூடியாச்சு. வெளிநாட்டுப் பணச் சட்டத்த 2020ல இறுக்குனப்பறம், எல்லாரும் டெல்லில ஒரே பேங்க் கிளைல கணக்கு வைக்கணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வந்தப்பறம், தெரிஞ்ச இன்னும் சில எடமும் போச்சு. போர்டுங்க மட்டும் துருப்பிடிச்சு ஈசிஆர்ல நிக்குது, ஒண்ணுல ஆட்டுக்குட்டி கட்டியிருந்தாங்க.

போன வருஷம் வேளாங்கண்ணி போயிட்டுத் திரும்பறப்ப நாகைல மீன் வாங்க எறங்குனேன். கூடைக்குப் பின்னாடி அந்த அக்கா. தலை முழுக்க நரைச்சிருச்சு, குரல் அப்படியேதான் இருக்கு. நான் சொல்லாமலே, "சென்டர் மீட்டிங் பொண்ணுதான நீ"ன்னாங்க. புருசன் தவறி நாலு வருஷம் ஆச்சாம். ரெண்டாவது பையன் சுனாமி வீட்ட அவன் பேருக்கு எழுதிக் குடுன்னு நிக்கிறானாம்.

"குடுத்துட்டீங்களாக்கா?"

"ஏங் குடுக்கணும்? பத்திரத்துல எம்பேரு இருக்கு. யாரு தாயி ஒன்ன தூண்டிவிட்டான்னு கேக்குறான். கடலு தூண்டிவிட்டுச்சுடான்னேன், போய்ட்டான். நாளைக்குத் திரும்ப வருவான்." சங்கராவ எடுத்துப் போட்டு செதிலு உரிச்சுக்கிட்டே, "ஏம்மா, அன்னிக்கு அந்த வெள்ளக்காரம்மாகிட்ட நான் எவ்வளோ நீளமாப் பேசுனேன், நீ ஒத்த வரில முடிச்சியே, என்ன சொன்ன?"

பொய் சொல்ல நெனைச்சேன், முடியல. "நீங்களும் மாமாவும் சேந்து முடிவெடுக்கறதா சொன்னேன்க்கா."

கத்திய அப்படியே வச்சுட்டு என்னப் பாத்தாங்க. "அந்தாளா?"ன்னு சொல்லி சிரிச்சாங்க பாருங்க, பக்கத்துக் கூடைக்காரம்மா திரும்பிப் பாக்கற அளவுக்கு. சிரிச்சு முடிச்சு கண்ணத் தொடச்சுக்கிட்டு, கிலோ 400, ஒனக்கு 380ன்னாங்க. நான் பேரம் பேசல.